மூதூர்ப் படகு வந்தபோது நான் செத்துப்போயிருந்தேன்

சக்கர நாற்காலியில் இருப்பவனுக்குப் புத்தி சொல்ல ஊரில் எல்லோருக்கும் உரிமை உண்டு. எண்ணெய் பூசச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், நேர்த்தி வைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். "மனத்தைத் தளரவிடாதேங்கோ தம்பி" என்று சொல்லிவிட்டு, தங்கள் மனம் தளர்ந்து கண்ணைத் துடைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கதிரையில் இருந்துகொண்டு ஒரு நாளை எப்படிக் கழிப்பது என்று மட்டும் ஒருவரும் சொல்லித் தருவதில்லை. அதை அவனவன் விழுந்து எழும்பித்தான் கற்கவேண்டியிருக்கிறது. (எழும்ப ஏலாதவன் விழுந்து மட்டும் கற்கிறான்.)

இப்போது நானும் புத்தி சொல்பவனாகிவிட்டேன். புதிதாகக் கதிரைக்கு வருகிறவர்கள் ஆஸ்பத்திரியில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும்போது, தெரிந்த தாதி ஒருவர் என்னைக் கூப்பிடுவார். நான் போய்ப் பக்கத்தில் கதிரையை நிறுத்தி, பெரிய தத்துவம் எதுவும் பேசாமல், சின்னச் சின்ன விஷயங்களைச் சொல்வேன். கதிரையைக் கைக்கு எட்டாத இடத்தில் விடாதேங்கோ. போனைக் கதிரையில் கொழுவாமல் சட்டைப் பையில் வையுங்கோ. கதிரையை விட்டு வேறெங்காவது இருக்க முதல், அந்த இடத்தைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கோ. உங்களைத் தூக்க வருபவனிடம், எங்கே பிடிக்கவேண்டும் என்று அவன் தொட முதலே சொல்லிவிடுங்கோ.

அவர்கள் தலையாட்டுவார்கள். இதையெல்லாம் நான் எங்கோ பயிற்சி எடுத்துப் படித்தேன் என்று நினைப்பார்கள். உண்மை என்னவென்றால், இவை எல்லாவற்றையும் நான் துறைமுகத்தில், ஒரே காலைப்பொழுதில் கற்றேன். அந்தக் காலைப்பொழுதில் நான் செத்தும் போனேன்.

அதற்கு முன்னால் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். என் பெயர் குகன். வீடுகளுக்கு டிஷ் அன்டெனா பூட்டுவதுதான் என் தொழிலாக இருந்தது. ஒரு மழை விட்ட நேரத்தில் ஒரு வீட்டுக் கூரையில் ஏறினேன். ஓடு வழுக்கியது. கீழே வந்து சேர்ந்தபோது இடுப்புக்குக் கீழே இருந்ததெல்லாம் வேறொருவருடையது போல ஆகிவிட்டது. எங்கள் ஊரில் கால் ஏலாத ஒருவனைக் கண்டால், "சண்டையில பட்டதோ?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். "இல்லை, டிஷ் பூட்டக்குள்ள விழுந்தனான்" என்று நான் சொன்னதும் அவர்கள் முகத்தில் ஓர் ஏமாற்றம் தெரியும். இன்னும் கொஞ்சம் கௌரவமாக விழுந்திருக்கலாம் என்று எனக்கே தோன்றும்.

அதன்பிறகு அக்கா வீட்டு முன்னறையில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு போன் திருத்தத் தொடங்கினேன். தொழில் பிடித்தது. நாட்கள் போயின. அக்காவுக்கு மட்டும் ஒரு கவலை இருந்தது. தனக்குப் பிறகு தம்பியை யார் பார்ப்பார்கள் என்ற கவலை. அது எனக்கும் இருந்தது. ஆனால் நாங்கள் இருவரும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

மூதூரிலிருந்து தர்சினியின் கலியாணப் பேச்சு வந்தது அப்போதுதான். தர்சினிக்குத் தாய் தகப்பன் இல்லை. தகப்பனின் தங்கை கமலா மாமிதான் வளர்த்தவர். தர்சினி ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தாள். என் கால்களைப் பற்றி அக்கா எதையும் மறைக்கவில்லை. முதல் வார்த்தையாகவே சொல்லிவிட்டா. எனது படமும் போனது. அவளது படமும் வந்தது.

அதன் பிறகு ஒருமுறை அவள் போன் எடுத்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, நல்ல குரலில், "சொல்லுங்கோ" என்றேன்.

"உங்களுக்குப் படுக்கைப்புண் வாறதோ?" என்று கேட்டாள்.

ஒரு பெண் என்னிடம் கேட்ட முதல் அந்தரங்கக் கேள்வி அது. என்ன பாட்டுப் பிடிக்கும், என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்பாள் என்று நான் ஆயத்தமாக இருந்தேன்.

"எனக்கோ? ஒருநாளும் வந்ததில்லை" என்றேன், ஏதோ விளையாட்டுப் போட்டியில் வென்றவன் போல.

"நல்லது" என்றாள். பேச்சு அதோடு முடிந்தது.

பிறகு, அவளும் மாமியும் படகில் வருவதாகவும், நாங்கள் துறைமுகத்தில் சந்தித்து, அங்கிருந்து அக்கா வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்கு வருவதாகவும் ஏற்பாடாயிற்று. அன்றிலிருந்து எனக்குள் ஒரு எண்ணம் புகுந்துகொண்டது.

கதிரைக்கு வந்த நாளிலிருந்து நான் ஒன்றைக் கவனித்திருந்தேன். என்னைப் பார்க்கும் எவருடைய கண்ணும் முதலில் சக்கரச் சில்லுக்குத்தான் போகும். பிறகு காலுக்கு. பிறகு, கொஞ்சம் வெட்கத்தோடு, முகத்துக்கு. முகத்துக்கு வந்து சேரும்போது அந்தக் கண்களில் ஏற்கெனவே ஒரு முடிவு இருக்கும். தர்சினிக்கு எல்லாம் தெரியும்தான். ஆனாலும் அவள் என்னைக் காணும் அந்த முதற்கணத்தில், ஒரே ஒருமுறை, என் முகம் முதலில் தெரியவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது பெரிய ஆசை இல்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

அக்காவின் புருஷன், என் அத்தான், ஓட்டோ ஓட்டுபவர். அன்று காலை என்னை அவர்தான் கூட்டிக்கொண்டு போனார். புதிதாய் வழித்த முகம், நீலக் கோடு போட்ட சட்டை, புதுக் காற்சட்டை, பளபளவென்று சப்பாத்து. (நடக்காதவனின் சப்பாத்து தேய்வதே இல்லை. இது கதிரையின் நன்மைகளில் ஒன்று.) விருந்தினருக்குக் கொடுக்க ஒரு சீப்புக் கதலிப் பழம் வாங்கி, பையில் போட்டு, கதிரையின் பின்பிடியில் கொழுவியிருந்தேன். அதே பையில்தான் போனும் இருந்தது.

படகு வந்து நிற்கும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, வள்ளங்களை இழுத்து ஏற்றுகிற ஒரு சீமெந்துச் சரிவு இருக்கிறது. அதற்கு மேலே இரண்டு சீமெந்து ஆசனங்கள். ஒன்று மர நிழலில், மற்றது வெயிலில். நிழலில் இருந்தால் முகம் இருளாகத் தெரியும் என்று கணக்குப் போட்டு, வெயிலில் இருந்ததைத் தேர்ந்தெடுத்தேன். அத்தான் பிடிக்க, கதிரையிலிருந்து அதற்கு மாறினேன். பிறகு வலது காலைக் கையால் தூக்கி இடது கால்மேல் போட்டேன். கால்மேல் கால் போட்டு, ஒரு கையை ஆசனத்தின் முதுகில் நீட்டி, கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். கப்பல் கம்பனி முதலாளி போல இருக்கிறதென்று அத்தான் சொன்னார்.

"கதிரையை அங்கால மறைச்சு விடுங்கோ அத்தான்" என்றேன்.

சரிவுக்கு மேலே ஒரு பழைய வள்ளம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அத்தான் அதன் பின்னால் கதிரையைத் தள்ளிக்கொண்டு போனார்.

"இதுக்குப் பிரேக் எங்கயடா?" என்று அங்கிருந்து கத்தினார்.

"சில்லுக்குப் பக்கத்தில!"

அவர் குனிந்து தேடினார். கிடைக்கவில்லை போலும். ஒரு தேங்காய் மட்டையை எடுத்துச் சில்லுக்கு முன்னால் வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வந்தார். ஓட்டோவை அப்படித்தான் நிறுத்துவாராம். பிறகு, வருகிறவர்களுக்கு வடையும் சோடாவும் வாங்கிவருவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

எங்கள் ஊரில் மான்கள் தெருவில் திரியும். பேருந்து நிலையத்தில் படுத்திருக்கும், பழக்கடைக்கு முன்னால் வாடிக்கையாளர் போல நிற்கும். வெளியூர்க்காரர் நின்று படம் எடுப்பார்கள், நாங்கள் விலத்திக்கொண்டு போவோம். அதனால் ஒரு மான் அந்தப் பக்கமாக நடந்து வந்தபோது நான் அதைப் பொருட்படுத்தவில்லை. அது வள்ளத்துக்குப் பின்னால் போனபோதும் பொருட்படுத்தவில்லை. கதலிப் பழத்தின் ஞாபகம் எனக்கு வந்தபோது, என் கதிரையின் பின்பிடி வள்ளத்துக்கு மேலாக ஒருமுறை ஆடியது.

"ஏய்! போ! போ!" என்று கத்தினேன்.

நான் கத்தியதில் மான் வெருண்டு பையை வெடுக்கென்று இழுத்தது. மட்டை விலகியிருக்க வேண்டும். என் கதிரை மெதுவாக, மிக மெதுவாக, வள்ளத்தின் மறைவிலிருந்து வெளியே வந்தது. ஒரு கணம் சரிவின் தலைப்பில் யோசித்தபடி நின்றது. பிறகு இறங்கத் தொடங்கியது. நான் அதில் இருந்த காலத்தில் ஒருநாளும் அது அவ்வளவு நேராக ஓடியதில்லை. சரிவின் அடியில் தண்ணீருக்குள் பாய்ந்து, குப்புற விழுந்து, பின்பிடிகள் மட்டும் வெளியே தெரிய நின்றது. பஞ்சு மெத்தை கழன்று கடலுக்குள் மிதந்துபோனது. பழப் பையும், போனும், போய்விட்டன. மான் மட்டும் பத்திரமாக நின்றது.

அந்த நேரத்தில்தான் மூதூர்ப் படகு வந்துகொண்டிருந்தது.

படகிலிருந்தவர்கள் கண்டது இதுதான்: தண்ணீருக்குள் குப்புறக் கிடக்கும் ஒரு சக்கர நாற்காலி, பக்கத்தில் மிதக்கும் ஒரு மெத்தை, ஆளைக் காணவில்லை. ஒரு பெண்ணின் அலறல் கேட்டது. "ஆள் விழுந்திட்டுது! கதிரையோட ஆள் விழுந்திட்டுது!" என்று யாரோ கத்தினார்கள். அந்தப் பக்கம் வலை காயப்போட்டுக்கொண்டு நின்றவர்கள் ஓடிவந்தார்கள். ஒருவர், இருவர் என்று சட்டையோடு கடலில் குதித்தார்கள்.

நான் என்னாலான மட்டும் கத்தினேன்.

"அண்ணை! அது என்ர கதிரை!"

ஓடிக்கொண்டிருந்த ஒருவர் நின்று திரும்பினார். "ஆள் எங்க?"

"ஆள் நான்தான்!"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நீலச் சட்டையைப் பார்த்தார். பளபளக்கும் சப்பாத்தைப் பார்த்தார். கால்மேல் போட்டிருந்த காலைப் பார்த்தார். அவர் முகம் கறுத்தது.

"மனுசன் ஒருத்தன் அதுக்குள்ள செத்துக்கொண்டிருக்கிறான். உமக்குக் கால்மேல கால் போட்டுப் பகிடி என்ன?" என்று சொல்லிவிட்டுக் கடலுக்குள் பாய்ந்தார்.

எழும்பிப் போய் ஆளைப் பிடித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. போன் கடலுக்குள். அத்தான் வடைக்கடையில். எல்லோரும் கத்திக்கொண்டிருந்த இடத்தில் என் குரலும் அவற்றில் ஒன்றாகிவிட்டது. மனிதர்கள் மூழ்கி மூழ்கி என் உடலைத் தேடுவதை, நான் நல்ல வெயிலில், கப்பல் கம்பனி முதலாளி போல இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

படகு கரை அணைந்தது. ஆட்கள் இறங்கி ஓடிவந்தார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பெண்கள் ஒரு வயதான அம்மாவைத் தாங்கிக்கொண்டு வந்து, என் பக்கத்தில் இருத்திவிட்டுத் திரும்பவும் கரைக்கு ஓடினார்கள். அந்த அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"ஐயோ, நான் பாவி. நான்தான் கொன்றுபோட்டன்."

"ஆரையம்மா?" என்று கேட்டேன். (கேட்காமல் இருந்திருக்கலாம்.)

"எங்கட பிள்ளைக்குப் பேசின பொடியன், தம்பி. கால் ஏலாதவன். எங்களைப் பார்க்கவெண்டு இங்க வந்து காத்துக்கொண்டு நிண்டிருக்கிறான். நாங்கள் வேண்டாமெண்டு சொல்லத்தான் வந்தனாங்கள். போனில சொன்னா மரியாதை இல்லை, நேர போய், ஒரு வாய் சாப்பிட்டு, பக்குவமாச் சொல்லுவமெண்டு நான்தான் சொன்னனான். அது அவனுக்கு எப்பிடியோ தெரிஞ்சு போச்சு. போய் விழுந்திட்டான்."

வேண்டாம் என்று சொல்ல வருபவர்களுக்காக அக்கா விடியற்காலையிலிருந்து நண்டுக்கறி ஆக்கிக்கொண்டிருந்தா.

"நல்ல பொடியனாம் தம்பி" என்று கமலா மாமி தொடர்ந்து அழுதார். "குடி இல்லையாம். ஒருத்தரோட சண்டை சச்சரவு இல்லையாம். போனெல்லாம் திருத்துவானாம். தங்கமான பிள்ளையாம்."

என்னைப் பற்றி ஒருவர் இத்தனை நல்லதைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதற்தடவை. அதற்கு நான் செத்திருக்க வேண்டியிருந்தது. சிரிப்பு வரவேண்டிய இடம் அது. வரவில்லை. 'வேண்டாம்' என்ற சொல் நெஞ்சுக்குள் போய் இருந்துகொண்டது.

"அழாதேங்கோ அம்மா. அந்தப் பொடியன் சாகேல்லை."

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"நான்தான் அது."

அவரும் என் சப்பாத்தைப் பார்த்தார். "தம்பி, செத்த வீட்டில பகிடி விடக்கூடாது" என்றார்.

நான் காற்சட்டையைப் பிடித்து வலது காலைத் தூக்கிக் கீழே விட்டேன். அது கட்டை போல நிலத்தில் விழுந்தது. மாமி அந்தக் காலைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பிறகு, சற்றுமுன் நடக்க ஏலாமல் தாங்கிக் கொண்டுவரப்பட்ட அந்த மனுஷி, துள்ளி எழும்பி, துறைமுகம் முழுவதும் கேட்கக் கத்தினார்.

"தர்சினீ! செத்தவன் இங்க இருக்கிறான்!"

எல்லாச் சத்தமும் நின்றது. எல்லோரும் திரும்பினார்கள். இடுப்பளவு தண்ணீருக்குள் நின்ற ஒரு பெண்ணும் திரும்பினாள்.

என் மெத்தையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். உடுப்பெல்லாம் நனைந்து, தலைமயிர் கலைந்து, கண் சிவந்திருந்தது. என் முகம் அவளுக்கு முதலில் தெரியவேண்டும் என்று அத்தனை ஏற்பாடு செய்தேன். அவள் கண்ட முதற் பொருள் என் கதிரை. இரண்டாவது பொருள் என் மெத்தை. நான் கண்டதோ, நான் செத்துப்போனேன் என்று அழுத அவளுடைய முகம். என் சாவு இன்னொருவருக்கு எப்படி இருக்கும் என்பதை நான் அன்று பார்த்தேன். கூரையிலிருந்து விழுந்த பிறகு, நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் லேசு என்று பல இரவுகள் நினைத்ததுண்டு. அந்த முகத்தைக் கண்ட பிறகு நான் அப்படி நினைத்ததில்லை.

அவள் சரிவில் ஏறி வந்தாள்.

"நீங்கள் குகனோ?"

"ஓம்."

"இவ்வளவு நேரமும் இதிலதான் இருந்தனீங்களோ?"

"ஓம்."

"வாய் இல்லையோ? கத்தியிருக்கலாமே?"

"கத்தினனான். ஒருத்தரும் நம்பேல்லை."

அவள் ஆசனத்தில் கையை வைத்தாள். சட்டென்று கையை எடுத்தாள்.

"ஐயோ, சீமெந்து கொதிக்குது! மெத்தையும் இல்லாம இதிலயோ இருக்கிறீங்கள்? எழும்புங்கோ, எழும்புங்கோ!"

"எழும்ப ஏலாதே" என்றேன்.

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

கடலில் குதித்தவர்களில் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு வயதான மீனவர் இருந்தார். திரும்பத் திரும்ப மூழ்கித் தேடியதில் அவருக்கு மூச்சு வாங்கியது, கண் சிவந்திருந்தது. என் முன்னால் வந்து நின்றார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்றும் நினைத்தேன். அவர் ஈரக் கையை என் தலையில் வைத்தார்.

"அல்லாஹ் காப்பாத்தினான்" என்றார். மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு, "மகன், அடுத்த தரம் கதிரையைக் கடலுக்கு அனுப்பக்குள்ள நீயும் கூடப் போ. தேடுற எங்களுக்கு லேசா இருக்கும்."

பிறகு எல்லோரும் என்னைத் தூக்க வந்தார்கள். எங்கே பிடிக்கவேண்டும் என்று நான் சொல்ல முதலே, ஒருவர் கக்கத்தில் பிடித்தார், ஒருவர் காலில் பிடித்தார், இன்னொருவர் காற்சட்டையில் பிடித்தார். நான் மேலே போனேன். காற்சட்டை என்னோடு வரவில்லை. உள்ளே அரைக்காற்சட்டை ஒன்று போட்டிருந்தேன் என்பதுதான் அன்றைய தினத்தில் நான் செய்த ஒரே புத்தியான காரியம். கமலா மாமி முகத்தைக் கடற்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்தக் கோலத்தில் நான் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தபோது அத்தான் வந்தார். வரும் வழியிலேயே அவருக்குச் செய்தி கிடைத்துவிட்டது. வடைப் பொட்டலத்தை எறிந்துவிட்டு, "ஐயோ என்ர மச்சான்!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தவர், என்னைக் கண்டதும் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

"என்னடா, உயிரோட இருக்கிறாய்?" என்றார். அதில் ஒரு குறையும் தொனித்தது. அதன் காரணம் அடுத்த வசனத்தில் தெரிந்தது. "நான் கொக்காவுக்குப் போன் எடுத்துச் சொல்லிப்போட்டனே!"

உடனே திரும்ப எடுத்தோம். அக்கா பதில் சொல்லவில்லை. போனை எறிந்துவிட்டு அழுதுகொண்டிருந்திருக்கிறா.

நாங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அது முழுச் செத்த வீடாக இருந்தது. அயலெல்லாம் கூடியிருந்தது. முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரைகள் வந்திறங்கியிருந்தன. குசினியில் நண்டுக்கறி கருகிக்கொண்டிருந்தது. உப்புத் தண்ணீர் சொட்டும் கதிரையில், தர்சினி தன் பையிலிருந்து எடுத்த காய்ந்த சால்வை ஒன்றை விரித்து அதன்மேல் நான், முற்றத்துக்குள் வந்தேன். அக்கா ஓடிவந்து முதலில் எனக்கு ஓர் அறை தந்தா. பிறகு அத்தானுக்கும் ஒன்று. பிறகு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதா. தனக்குப் பிறகு தம்பிக்கு யார் என்று கவலைப்பட்டவ, தம்பிக்குப் பிறகு தனக்கு யார் என்று அன்று அழுததை நான் கேட்டேன்.

அந்த வீட்டில் இருந்துகொண்டு கமலா மாமியால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. செத்துப் பிழைத்தவனிடம் எப்படிச் சொல்வது? கருகாத நண்டைப் பொறுக்கிச் சாப்பிட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல், பின்நேரப் படகில் இருவரும் போனார்கள்.

அன்று மாலை உடுப்பு மாற்றும்போதுதான் அக்கா கண்டா. சீமெந்து சுட்டதில் எனது பின்பக்கத்தில் பெரிய கொப்புளம். எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. உணர்வில்லாத தோலுக்குச் சூடும் தெரியாது, நேரமும் தெரியாது. கொப்புளம் உடைந்து புண்ணாயிற்று. படுக்கைப்புண் ஒருநாளும் வந்ததில்லை என்று பெருமையடித்தவன், வாரக்கணக்கில் குப்புறப் படுத்துக் கிடந்தேன். போன் திருத்தும் மேசை தூசி படிந்து கிடந்தது. தலையணையைப் பார்த்துக்கொண்டு, அந்த 'வேண்டாம்' என்ற சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு முகத்தைக் காட்ட ஆசைப்பட்டதற்கு இவ்வளவு விலையா என்று கோபமும் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. மான்மேல் கோபப்பட்டுப் பார்த்தேன். அது நிலைக்கவில்லை.

ஒருநாள் தர்சினி மாமியோடு வந்தாள். தன் மருந்துக்கடையிலிருந்து புண்ணுக்குப் போடும் மருந்தும் கட்டும் கொண்டுவந்திருந்தாள். கட்டிலில் குப்புறக் கிடந்தவனோடு கதைப்பதற்கு வசதியாக, நிலத்தில் சம்மணம் போட்டு இருந்தாள். அப்போது எங்கள் முகங்கள் நேருக்கு நேராக வந்தன.

"கதிரையை ஏன் ஒளிச்சனீங்கள்?" என்று கேட்டாள்.

சொன்னேன். சில்லு, கால், பிறகு முகம் என்று கண்கள் போகும் பாதையையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"முகத்தைப் படத்திலயே பார்த்திட்டன்தானே" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "படத்தில மீசை வடிவா இருந்தது. ஏன் வழிச்சனீங்கள்?"

அதற்குப் பிறகு அவள் அடிக்கடி வந்தாள். புண் ஆறியது. மீசை வளர்ந்தது. கலியாணம் நடந்தது. தாலி கட்டும்போது கதிரையின் இரண்டு பிரேக்குகளையும் அத்தான் குனிந்து பார்த்துப் பூட்டினார்.

வீட்டில் இன்றுவரை என்னைத் தேடி யாராவது வந்தால், உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்: "செத்தவன் இங்க இருக்கிறான்!" கமலா மாமி மட்டும் அந்தக் கதை தொடங்கினால் எழும்பிப் போய்விடுவார். தான் அழவே இல்லை என்பார், ஆசனத்தில் என்னிடம் ஒன்றும் சொல்லவும் இல்லை என்பார். நானும் அதை வற்புறுத்துவதில்லை. தர்சினியிடமும் கேட்டதில்லை. 'வேண்டாம்' என்று சொல்ல வந்தவள், செத்தவனைப் பார்த்துப் பரிதாபப்பட்டு 'ஓம்' என்று சொன்னாளோ என்ற கேள்வி, நல்ல சந்தோஷமான நாட்களிலும் என்னோடு இருந்தது. சில கேள்விகளைக் கேட்காமல் குடும்பம் நடத்தலாம். நடத்தினேன்.

போன வருஷம் நாங்கள் இருவரும் மூதூர் போய்விட்டுப் படகில் வந்து இறங்கினோம். ஓட்டோ ஒன்றைப் பிடித்தோம். முன்பின் தெரியாத பொடியன். என்னை ஏற்றி, கதிரையை மடித்துப் பின்னால் கட்டிவிட்டு, வண்டியை எடுக்கும்போது சரிவுப் பக்கம் கையைக் காட்டினான்.

"அண்ணை, கதிரையோட அந்தப் பக்கம் மட்டும் போயிடாதேங்கோ. முந்தி உங்களைப் போல ஒருத்தர் அதில விழுந்து செத்தவர்."

"அப்பிடியோ?" என்றேன்.

"ஓம். உடம்பும் கிடைக்கேல்லை. கலியாணம் பேசி, பெட்டை வேண்டாமெண்டு சொல்லிப்போட்டாளாம். அந்தக் கவலையில விழுந்தவராம்."

நான் வெளியே பார்த்தேன். பக்கத்திலிருந்து தர்சினியின் குரல் அமைதியாக வந்தது.

"இல்லை, தம்பி. அவள் வேண்டாமெண்டு சொல்லேல்லை."

"உங்களுக்குத் தெரியுமோ அக்கா?"

"நல்லாத் தெரியும். மாமிதான் அப்பிடிச் சொல்ல வந்தவ. அவள் வரக்குள்ள கைப்பையில அளவுநாடா கொண்டு வந்தவள். அந்தக் கதிரை தங்கட வீட்டுக் கதவால போகுமோ எண்டு அளந்து பார்க்க."

வண்டி ஒரு மானை விலத்திக்கொண்டு போனது.

"பாவம்" என்றான் பொடியன். "அப்ப அவர் அவசரப்பட்டுட்டார்."

வீட்டு வாசலில் இறங்கிக் கதிரையில் ஏறினேன். அவள் ஒன்றுமே நடவாதது போலப் பைகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அண்டைக்கு அளந்து பார்த்தனீரோ?" என்று கேட்டேன்.

"எங்க அளக்கிறது?" என்றாள். "கதிரை கடலுக்குள்ளதானே கிடந்தது."